25 அங்குலமா, 28-ஆ, 30-ஆ? பழைய குட்டைக்குழல் துப்பாக்கி யாருக்குப் பொருந்தும்

போன ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் லெஸ்டரிலிருந்து என் மைத்துனன் போன் செய்தான். "அத்தான், போலீஸ் சர்ட்டிஃபிகேட் கைக்கு வந்துட்டு. மூணு துப்பாக்கி பாத்து வச்சிருக்கேன். எதை எடுக்கட்டும், நீங்க சொல்லுங்க" என்றான்.

அவன் பார்த்து வைத்திருந்தவற்றில் முதலாவது, இரண்டாம் உலகப்போருக்கு முன் செய்யப்பட்ட ஆங்கில இரட்டைக்குழல்; குழல் நீளம் வெறும் 25 அங்குலம். இரண்டாவது, 1950-களில் பர்மிங்ஹாமில் செய்த பாக்ஸ்லாக் (சுடும் பொறி பெட்டிபோன்ற உடலுக்குள் அடங்கிய இரட்டைக்குழல்), 28 அங்குலம். மூன்றாவது, குழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த புத்தம் புதிய இத்தாலிய ஓவர்-அண்டர், 30 அங்குலம். மூன்றும் 'பன்னிரண்டு போர்', அதாவது ஒரே குழல்துளை அளவு. மூன்றிலும் இரண்டு தோட்டாக்கள்தான் போடலாம். அப்படியிருக்க, ஐந்து அங்குல வித்தியாசத்துக்கா இவ்வளவு யோசனை என்று அவனுக்குத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக டெர்பிஷயரிலும் யார்க்ஷயரிலும் வயல் விளிம்புகளில் துப்பாக்கியோடு நடந்தவன் நான். இந்த ஐந்து அங்குலத்தைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய உண்டு.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. இங்கிலாந்தில் அது சட்டத்துக்கு உட்பட்டது, ஆனால் பறவைக்குப் பறவை பருவம் கட்டிப்போடும்: கிரவுஸ் ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை, பார்ட்ரிட்ஜ் செப்டம்பர் 1 முதல் பிப்ரவரி 1 வரை, ஃபெசன்ட் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. பார்ட்ரிட்ஜ் நம் கௌதாரிக்குப் பங்காளி. சுட்ட பறவை சமையலறைக்குப் போகும். அப்படிப் போகாத வேட்டையில் எனக்கு விருப்பம் இல்லை.

குட்டைக்குழல் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதன் நல்லதும் கெட்டதும் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கின்றன. கரிமருந்துக் காலத்தில் 30 அங்குலக் குழல்தான் வழக்கம். கரிமருந்து மெதுவாக எரியும். தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உலோகக் குண்டுகளை, அதாவது ரவையை, முழு வேகத்துக்குத் தள்ள அதற்கு நீண்ட பாதை வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் புகையற்ற நைட்ரோ மருந்து பரவியபோது அந்தக் காரணம் போய்விட்டது. நைட்ரோ மருந்து குழலின் முதல் பாதிக்குள்ளேயே பெரும்பாலும் எரிந்து தீர்ந்துவிடும். ஆனாலும் பழக்கம் சீக்கிரம் போகவில்லை. குழல் 28 அங்குலத்துக்கு வந்து அங்கேயே நின்றது.

அதை 25-க்கு இறக்கியவர் ராபர்ட் சர்ச்சில். அரசியல்வாதி சர்ச்சில் அல்ல, லண்டன் துப்பாக்கி செய்பவர். மாமா ஈ. ஜே. சர்ச்சில் 1910-இல் இறந்ததும் கடையை ஏற்றுக்கொண்டவர். குள்ளமான, தடித்த உடம்புக்காரர். 1920-களில் அவர் விற்கத் தொடங்கிய 25 அங்குலத் துப்பாக்கிக்கு ரோமன் எண்ணிலேயே 'எக்ஸ் எக்ஸ் வி' என்று பெயர். நீதிமன்றங்களில் துப்பாக்கி நிபுணராகச் சாட்சி சொன்னவரும் இவர்தான். 1927-இல் எஸ்ஸெக்ஸில் கான்ஸ்டபிள் கட்டரிட்ஜ் கொல்லப்பட்ட வழக்கில், கிடைத்த தோட்டாக் கூட்டின் தடயத்தை ஒரு வெப்லி ரிவால்வரோடு பொருத்திக் காட்டியதில் அவர் பங்கு பெரியது. துப்பாக்கியை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் வரை அளந்து பார்த்த மனிதர் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். '25' அவர் போகிற போக்கில் பிடித்த எண் அல்ல.

குழலை வெட்டிச் சின்னதாக்கினால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. குழலின் சுவரை வேறுவிதமாகச் செதுக்கினார், எடையை இரு கைகளுக்கும் இடையே கொண்டுவந்தார். இரண்டு குழல்களுக்கும் நடுவே ஓடும் மேல்பட்டையை உயரமாகவும், மேலே மிகக் குறுகலாகவும், வாய்ப்பக்கம் போகப்போக ஒடுங்கும்படியும் வைத்தார். தோளில் வைத்துப் பார்த்தால் அந்தப் பட்டை கண்ணை ஏமாற்றும்; குழல் உண்மையில் இருப்பதைவிட நீளமாகத் தெரியும். இன்றுவரை இதற்குச் 'சர்ச்சில் ரிப்' என்றே பெயர். பிறகு மற்ற ஆங்கிலக் கடைகளும் 25 அங்குலம் செய்தன. ஸ்பெயினின் ஐபார் ஊரில் ஏ.ஒய்.ஏ. நிறுவனம் இதே பட்டையோடு தன் 25-ஐச் செய்தது. லண்டன் விலை கொடுக்க முடியாதவர்களுக்கு இன்றும் அதுதான் வழி.

சரி, மூன்று அங்குலம் குறைந்தால் வேகம் குறையாதா? எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். குறையும். ஓர் அங்குலத்துக்கு வினாடிக்கு ஐந்து முதல் பத்து அடி என்பது பொதுவான கணக்கு. குழல்வாயில் ரவை வினாடிக்கு 1,300 அடி போல் பறக்கிறது. 28-ஐ விட்டு 25-க்கு வந்தால் அதில் 15 முதல் 30 அடி போகும், அதாவது நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு போலத்தான். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு தோட்டாக்களுக்கு இடையிலேயே அவ்வளவு வித்தியாசம் வரலாம். முப்பது கெஜத்தில் பறக்கும் ஃபெசன்ட்டுக்கு இது தெரியாது, சுடுபவனுக்கும் தெரியாது. ரவை எவ்வளவு அகலமாகப் பரவும் என்பதைத் தீர்மானிப்பது குழலின் நுனியில் இருக்கும் இறுக்கம், அதாவது சோக். அது நீளத்தைப் பொறுத்ததல்ல. எனவே 'குட்டைக்குழல் தூரம் போகாது' என்று யாராவது சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

உண்மையான வித்தியாசம் கையில் இருக்கிறது. 25 அங்குலத் துப்பாக்கி தோளுக்கு வருவதும் பறவையை நோக்கித் திரும்புவதும் ஒரே அசைவு. புதருக்குள்ளிருந்து உட்காக் என்ற காட்டுப்பறவை ஒன்று எழுந்து மரங்களுக்கு நடுவே கோணல்மாணலாகப் போகிறது என்றால், அது கண்ணில் படும் நேரம் ஒன்றரை வினாடிதான். அங்கே நீண்ட குழல் கிளையில் இடிக்கும், அல்லது அரை நொடி தாமதமாக வரும். சர்ச்சில் தன் மாணவர்களுக்குச் சொன்னதும் இதையொட்டித்தான்: பறவையை மட்டும் பார், குழலைப் பார்க்காதே, எவ்வளவு முன்னால் சுட வேண்டும் என்று கணக்குப் போடாதே, கண்ணும் கையும் அதைச் செய்துகொள்ளும். அந்த முறைக்கு, எண்ணிய உடனே திரும்பும் துப்பாக்கி வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் வலுவானது, அதை மறைத்துவிட்டு ஒப்பிட்டால் நியாயமாகாது. சீக்கிரம் ஓடத் தொடங்கும் குழல் சீக்கிரம் நின்றும்விடும். நாற்பது கெஜம் மேலே குறுக்காகப் போகும் ஃபெசன்ட்டைத் துரத்திக்கொண்டு குழலை ஓட்டும்போது, டிரிக்கரை இழுக்கும் நொடியில் கை தயங்கினால் ரவை பறவையின் வாலுக்குப் பின்னால் போய்விடும். நீண்ட குழலின் முன்பாரம் அந்தத் தயக்கத்தை மீறி ஓடிக்கொண்டே இருக்கும். மேற்கு லண்டன் சுடும் பள்ளியில் பல தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்த பெர்சி ஸ்டான்பரி 30 அங்குலத் துப்பாக்கியைத்தான் வைத்திருந்தார். முன்காலில் எடையை ஊன்றி, அசையாத அடித்தளத்தின் மேல் நிதானமாகச் சுழலும் முறை அவருடையது. சர்ச்சிலோ பறவை போகும் பக்கத்துக்கு எடையைக் கால் மாற்றித் திரும்பச் சொன்னார். இரண்டு பேரும் பறவையை விழ வைத்தவர்கள். யார் சரி என்று இங்கிலாந்தில் இன்னமும் தேநீர் ஆறும்வரை வாதிடுகிறார்கள். என் பார்வையில் அது உடம்பையும் சுடும் இடத்தையும் பொறுத்தது. நூறாண்டுச் சண்டையில் ஒரு பக்கம் சேர வேண்டிய அவசியம் இல்லை.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும், மைத்துனனுக்கும் அதைத்தான் முதலில் சொன்னேன்.

என் முதல் துப்பாக்கியை ஏலத்தில் வாங்கினேன். விளக்கத்தில் 'குட்டைக்குழல், 25½ அங்குலம், கையாள எளிது' என்று போட்டிருந்தது. விலையும் கைக்கு எட்டியது. ஒரு முழுப் பருவம் அதோடு நடந்தேன். பக்கத்தில் எழும் பறவைகள்கூட ரவைக்கு நடுவே புகுந்து தப்பிப் போயின. சில விழாமல் காயத்தோடு பறந்து போனதுதான் தாங்க முடியாதது. என் சுடும் முறைதான் தவறு என்று நினைத்து இரண்டு முறை பயிற்சிக்குப் பணம் கட்டினேன். பருவம் முடிந்ததும் ஷெஃபீல்டுப் பக்கத்தில் ஒரு முதிய துப்பாக்கிக் கொல்லரிடம் சுத்தம் செய்யக் கொடுத்தேன். அவர் அதைத் திறக்கவே இல்லை. குழல்வாயை என் முகத்துக்கு நேரே காட்டி, "இடையிலே பாருங்க" என்றார்.

இரண்டு குழல்களும் வாய்ப்பக்கம் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவில் ஒரு சிறு இடைவெளி, அதில் உலோகத் துண்டு வைத்து ஈயப்பற்றால் அடைத்திருந்தது. நீளமாகப் பிறந்த துப்பாக்கியை யாரோ வெட்டியிருக்கிறார்கள். இரட்டைக்குழலில் குழல்கள் அடியில் விலகியும் நுனியில் நெருங்கியும் வரும். செய்யும்போதே 25 அங்குலமாகச் செய்தால் அவை நுனியில் ஒட்டி நிற்கும். வெட்டினால் இடைவெளி தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய இழப்பு சோக். அந்த இறுக்கம் குழலின் கடைசி இரண்டொரு அங்குலத்துக்குள்தான் இருக்கிறது. வெட்டின துண்டோடு அதுவும் குப்பைக்குப் போயிற்று. அதனால் ரவை முப்பது கெஜத்தில் ஓட்டை ஓட்டையாகப் பரவியது. பாரமும் பின்னால் சாய்ந்துவிட்டது. நான் 'கையாள எளிது' என்று நினைத்தது உண்மையில் முன்பக்கம் வெறுமையாகிப்போன துப்பாக்கியின் பதற்றம். விற்ற இடத்தில் கேட்டபோது நீளம் சரியாகத்தானே எழுதியிருக்கிறோம் என்றார்கள். எழுதியது சரிதான். வெட்டினதை எழுதவில்லை.

அதனால் நான் முதலில் பிரிப்பது 25-க்கும் 28-க்கும் நடுவே அல்ல, 25-ஆகப் பிறந்ததற்கும் 25-ஆக வெட்டப்பட்டதற்கும் நடுவே. வெட்டப்பட்டதை எந்த விலைக்கும் வாங்காதே என்று மைத்துனனிடம் சொல்லிவிட்டேன். குழல்வாயைப் பார், சோக்கை அளக்கச் சொல், வரிசை எண்ணைக் கொண்டு பழைய கடைகளின் பதிவேட்டில் அந்தத் துப்பாக்கி எந்த நீளத்தில் வெளியே போனது என்று கேள், பெயர்பெற்ற பல கடைகளின் ஏடுகள் இன்னும் இருக்கின்றன. இன்னொன்றும் உண்டு. பிரிட்டிஷ் சட்டத்தில் சாதாரண சர்ட்டிஃபிகேட்டில் வைத்திருக்கக்கூடிய ஷாட்கன்னின் குழல் 24 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. 25 அந்தக் கோட்டுக்கு ஓர் அங்குலம் மேலேதான் நிற்கிறது. 'இன்னும் கொஞ்சம் சுருக்கிக்கலாமே' என்று யாராவது சொன்னால் அது விளையாட்டுப் பேச்சு அல்ல, குற்றம்.

28 அங்குல பாக்ஸ்லாக்கைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை, அது அதன் பெருமை. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸில் வேலை பார்த்த ஆன்சனும் டீலியும் 1875-இல் கண்டுபிடித்த அமைப்பு. உள்ளே பாகங்கள் குறைவு, கெடுவதற்கும் குறைவு. எடை மூன்று கிலோவுக்குச் சற்றுக் கீழே. விரட்டி விடும் பறவைக்கும் சரி, நாயோடு நடந்து கிளப்பும் பறவைக்கும் சரி, எதற்கும் இல்லை என்று சொல்லாது. எந்த இடத்தில் சுடப்போகிறோம் என்றே தெரியாதவன் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம். குழல்கள் பக்கம்பக்கமாக அமைந்த பழைய துப்பாக்கிகளுக்கு இப்போது தேவை குறைந்துபோனதால் விலையும் இறங்கியிருக்கிறது. ஒரு நல்ல பர்மிங்ஹாம் பாக்ஸ்லாக், புது இத்தாலிய ஓவர்-அண்டரின் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும்.

ஓவர்-அண்டருக்கு வருகிறேன். இதை ஒப்பிட எடையை வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் நீளத்தைவிட எடைதான் தோளைத் தொடும். பர்மிங்ஹாமின் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் பெயரால் வழங்கும் ஒரு பழைய விதி உண்டு: துப்பாக்கியின் எடை, தோட்டாவில் உள்ள ரவையின் எடையைப்போல் 96 மடங்கு இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் உதை தாங்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 கிராம் ரவைக்கு 2.7 கிலோ. 30 கிராமுக்கு 2.9 கிலோ. 36 கிராமுக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. இப்போது மூன்று துப்பாக்கிகளையும் அதில் பொருத்தினால், சர்ச்சில் வகை 25 அங்குலம் 2.7 முதல் 2.8 கிலோ, அதற்கு உரியது 28 கிராம் தோட்டா. பாக்ஸ்லாக்குக்கு 30 கிராம். மூன்றரைக் கிலோ ஓவர்-அண்டர் 36 கிராமையும் அமைதியாக வாங்கிக்கொள்ளும். யார் எதற்காகச் செய்தார்கள் என்பது எடையிலேயே எழுதியிருக்கிறது.

டெவனிலும் வேல்ஸிலும் பள்ளத்தாக்கின் அடியில் ஆட்களை நிறுத்தி, மேட்டிலிருந்து ஃபெசன்ட்டைப் பறக்கவிடும் வேட்டைகள் உண்டு. பறவை நாற்பது, ஐம்பது கெஜம் மேலே வரும். அங்கே போகிறவனுக்கு 30 அங்குல ஓவர்-அண்டர்தான் பொருத்தம், வாதமே வேண்டாம். நாள் முழுக்க இருநூறு தோட்டா சுட்டாலும் தோள் கன்றாது. ஒரே குழலின் மேல் பார்க்கும் குறுகிய பார்வைக்கோடு, காற்றில் வீசும் களிமண் தட்டைச் சுட்டுப் பழகியவர்களுக்குக் கண்ணுக்கு இதமாக இருக்கும். அதே துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு யார்க்ஷயர் மேட்டுநிலத்தில் எட்டு மைல் நடந்து, ஐந்து வேலி தாண்டி, நான்கு தோட்டா சுட்டுவிட்டுத் திரும்பிப் பாருங்கள். அந்தக் கூடுதல் முக்கால் கிலோ மாலை நான்கு மணிக்கு மூன்று கிலோவாகிவிடும். கைகள் களைத்த பிறகு எழும் பறவைதான் பெரும்பாலும் அன்றைய ஒரே நல்ல வாய்ப்பாக இருக்கும்.

பழைய துப்பாக்கி வாங்குகிறவர் இப்போது கேட்க வேண்டிய பெரிய கேள்வி ஈயம். இங்கிலாந்தில் நீர்ப்பறவைகள் மேல் ஈய ரவை 1999-லேயே தடை. 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் வேட்டை அமைப்புகள் ஒன்பது சேர்ந்து, ஐந்து ஆண்டில் ஈயத்தைத் தாமாகவே விட்டுவிடுவோம் என்றன. அது போதிய அளவு நடக்கவில்லை. 2025 ஜூலையில் அரசே தடையை அறிவித்துவிட்டது, மூன்று ஆண்டு மாறுதல் காலத்தோடு. காரணம் நியாயமானது: ஈயம் நஞ்சு, நிலத்தில் கிடக்கும் ரவையைப் பறவைகள் கல் என்று விழுங்குகின்றன, நாமும் அந்த இறைச்சியைத்தான் சாப்பிடுகிறோம். என் பிள்ளைகளுக்குச் சமைக்கும் இறைச்சியில் ஈயம் வேண்டாம் என்று நான் மாறிப் பல வருடங்கள் ஆகின்றன.

எஃகு ரவை இரண்டு வகையில் வேறுபடும். ஈயத்தின் அடர்த்தி 11.3, எஃகுக்கு 7.8தான். லேசாக இருப்பதால் தூரம் போகப்போக வலுவைச் சீக்கிரம் இழக்கும்; அதை ஈடுகட்ட இரண்டு எண் பெரிய ரவை போட வேண்டும், ஆறாம் எண்ணுக்குப் பதில் நான்காம் எண் (எண் குறையக் குறைய ரவை பெரிது). எஃகு கடினமானதும்கூட, இறுக்கமான சோக்கில் ஈயம் நசுங்கி வழிவிடும், எஃகு வழிவிடாது. நைட்ரோ ப்ரூஃப் ஆன, அதாவது புகையற்ற மருந்துக்குச் சோதித்துத் தேறிய துப்பாக்கியில், அரைச் சோக்குக்கு மேல் இல்லாமல் இருந்தால், சாதாரண எஃகுத் தோட்டா சுடலாம் என்பதுதான் இங்கே நடைமுறை. 65 மில்லிமீட்டர் (2½ அங்குல) தோட்டா அறைக்கான எஃகுத் தோட்டாக்களும் கடைக்கு வந்துவிட்டன. அழுத்தம் கூடிய வகை எஃகுத் தோட்டாவுக்கு மட்டும் தனி ப்ரூஃப் வேண்டும். குழலில் லில்லிப்பூ முத்திரை இருக்கும். புது ஓவர்-அண்டரில் அது பெரும்பாலும் உண்டு, பழைய இரட்டைக்குழலில் இருக்காது.

இங்கேதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. எஃகு வந்ததும் பழைய குட்டைக்குழல் செத்துவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். பாதிக்கப்படுவது பழைய துப்பாக்கி அல்ல, தூரமாகச் சுடும் பழக்கம். சாதாரண எஃகுத் தோட்டாவோடு முப்பத்தைந்து கெஜத்துக்கு உள்ளேயே சுட வேண்டும். 25 அங்குலம் பிறந்ததே அந்தத் தூரத்துக்குத்தான். அதன் சோக்குகளும் பெரும்பாலும் தளர்வானவை. இறுக்கமாக இருந்தால் கொல்லர் அதைத் திறந்துவிடுவார், பெரிய செலவு இல்லை. குழல் சுவர் மெல்லிசாக இருந்து மனம் துணியாவிட்டால் பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த ரவை இருக்கிறது. அதன் அடர்த்தி ஈயத்துக்கு நெருங்கி வரும், குழலுக்கும் மென்மையானது. விலைதான் எரிச்சல். ஆனால் ஒரு நாளைக்கு ஆறு தோட்டா சுடுகிறவனுக்கு அது தாங்கக்கூடியது. இருநூறு சுடுகிறவனுக்கு முடியாது.

எதை வாங்கினாலும், பழையது என்றால் கட்டையின் பளபளப்பை விட்டுவிட்டுக் குழலின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முத்திரைகள் எல்லாம் அங்கேதான். லண்டனிலோ பர்மிங்ஹாமிலோ ப்ரூஃப் ஹவுஸில் அதிக அழுத்தத் தோட்டா போட்டுச் சோதித்துத் தேறியதற்கான அடையாளங்கள் அவை. பர்மிங்ஹாம் ப்ரூஃப் ஹவுஸ் 1813-இலிருந்து இதைச் செய்கிறது. நைட்ரோ ப்ரூஃப் இருக்கிறதா, தோட்டா அறை 2½ அங்குலமா 2¾ அங்குலமா, குழலின் உள் விட்டம் எவ்வளவு என்று மூன்றையும் படிக்க வேண்டும். 2½ அங்குல அறையில் 70 மில்லிமீட்டர் (2¾ அங்குல) தோட்டாவைப் போட்டால் உள்ளே போகும், மூடவும் செய்யும். வெடிக்கும்போது தோட்டாவின் முனை மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். முத்திரையில் .729 அங்குலம் என்றிருந்து இப்போது உள் விட்டம் ஆயிரத்தில் பத்துப் பங்கு அங்குலம் கூடியிருந்தால் அது ப்ரூஃபை இழந்துவிட்டது, அதை விற்பதே குற்றம். துரு எடுக்கத் தேய்த்துத் தேய்த்து இப்படி ஆகும். சுவர் கனம் ஆயிரத்தில் இருபது பங்கு அங்குலத்துக்குக் குறைந்தால் நான் தொடமாட்டேன். குழலில் 'ஸ்லீவ்டு' என்று குத்தியிருந்தால் அடியை வைத்துக்கொண்டு புதுக்குழல் பொருத்தியது என்று பொருள். சேகரிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், நடந்து சுடுகிறவனுக்கு அது சில சமயம் நல்ல பேரம்.

25-க்கு எதிராக இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது: சத்தம். 28-ஐவிட இதன் வாய் காதுக்கு மூன்று அங்குலம் நெருங்கி வருகிறது, பக்கத்தில் நிற்பவர் காதுக்கும்தான். காதுக்கவசம் இல்லாமல் யாரும் எந்தத் துப்பாக்கியும் சுடக்கூடாது. இதில் இரண்டு மடங்கு கண்டிப்பு. உயரமான, கை நீண்ட ஆளுக்கு இது விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும், குழல் எங்கே போகிறதென்றே தெரியாமல் துள்ளும். ஐந்தடி ஐந்து, ஆறு அங்குல உடம்புக்கு நேர் எதிர். நம்மில் பலர் அந்த உயரம்தான்.

இவ்வளவையும் மைத்துனனுக்குச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "மாப்ளே, நீ வருஷத்துக்கு எத்தனை நாள் எங்க சுடப்போறே?"

கொஞ்சம் யோசித்துச் சொன்னான். "நண்பனோட அப்பா பண்ணையிலதான் அத்தான். ரெண்டு ஸ்பானியல் நாய் இருக்கு. வேலியோரமா நடப்போம். பெரிய ஷூட்டுக்கெல்லாம் போக எனக்குக் காசும் இல்லை, ஆசையும் இல்லை."

அப்படியென்றால் ஓவர்-அண்டர் விழுந்துவிட்டது. அவன் ஐந்தடி ஐந்து. நடக்கிறவன். பறவை இருபது, இருபத்தைந்து கெஜத்தில் எழும். மிச்சம் இரண்டு. 28 அங்குல பாக்ஸ்லாக் தவறான முடிவாக இருக்காது என்று சொன்னேன், 25 அதைவிட நன்றாக இருக்கும் என்றும் சொன்னேன், அது வெட்டப்படாததாக இருந்தால். அவன் பார்த்து வைத்திருந்த போருக்கு முந்திய துப்பாக்கியைப் பார்க்க இருவரும் செப்டம்பரில் போனோம். குழல்கள் நுனியில் ஒட்டி நின்றன, பட்டை உயரமாகவும் குறுகலாகவும் இருந்தது, வரிசை எண்ணும் பதிவேட்டில் 25 அங்குலம் என்றே பதிவாகியிருந்தது. ஆனால் சுவர் ஓரிடத்தில் ஆயிரத்தில் பதினாறு பங்குதான். கையில் எடுத்துத் தோளில் வைத்தபோது அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்; வேண்டாம் என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. சொன்னேன்.

அக்டோபர் கடைசியில் ஒரு ஸ்பானிய ஏ.ஒய்.ஏ. 25 கிடைத்தது. அதே சர்ச்சில் பட்டை, 70 மில்லிமீட்டர் அறை, சுவர் தாராளமாக இருபத்தெட்டு. இடது குழலில் முழுச் சோக். கொல்லரிடம் கொடுத்து அரைக்கு இறக்கி வாங்கினோம். நவம்பர் முதல் சனிக்கிழமை ஸ்பானியல் ஒரு முள்வேலிக்கு அடியிலிருந்து சேவல் ஃபெசன்ட் ஒன்றைக் கிளப்பியது. அவன் தோளில் துப்பாக்கி போனதையே நான் சரியாகப் பார்க்கவில்லை. அன்று இரவு அவன் அக்கா அதை மிளகு போட்டு வறுத்தாள்.